சலவைக் குறிப்பு

வீட்டுச் சலவை எந்திரம் பன்னிரண்டு வருடம் ஓடிக் களைத்து நின்றுவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடா, மேலே மூடி வைத்த டாப் லோடா என்று வீட்டில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது. கணவர் தண்ணீர்க் கணக்குப் போட்டார். மாமியார், "மேல போடுறதுதான் நல்லது. பாதியில ஒரு துணி விட்டுப்போச்சுன்னா தூக்கிப் போட்டுக்கலாம்" என்றார். நான் விலையையும் அடுப்படிக்குப் பின்னால் எந்திரம் நிற்கும் இடத்தின் அகலத்தையும் பார்த்தேன். தேக்கா பக்கம் ஒரு கடையில் எங்கள் மூன்று பேருடைய வாதங்களையும் பொறுமையாகக் கேட்ட விற்பனையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரிங்க, வீட்டுல யாரு துவைக்கிறது?"

எங்கள் வீட்டில் துவைப்பவர் ஐந்து வருடமாக எங்களோடு இருக்கும் பணிப்பெண். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்.

விற்பனையாளர் தொழில்முறையில் கேட்ட கேள்விதான் அது. ஆனால் ஒழுக்கவியலில் உள்ள பழைய கேள்வி ஒன்றை அது அப்படியே தொடுகிறது. ஒருவருடைய பணத்தில், இன்னொருவருடைய உடம்புக்காக ஒரு தேர்வு செய்யும்போது, எது 'நல்லது' என்பதை யாருடைய இடத்தில் நின்று முடிவு செய்வது?

*

முதலில் எந்திரங்களைப் பார்த்துவிடலாம். டாப் லோடில் டிரம் செங்குத்தாக நிற்கிறது. துணி தண்ணீரில் மிதக்க, அடியிலுள்ள தட்டு சுழன்று அலசுகிறது. பெரிய அண்டாவில் துணியை ஊறப்போட்டுக் கையால் கலக்குவது மாதிரி. மிதக்க வேண்டும் என்பதால் தண்ணீர் நிறையத் தேவை. ஃப்ரண்ட் லோடில் டிரம் படுக்கைவாட்டில் சுழல்கிறது. அதன் உள்சுவரிலுள்ள துடுப்புகள் துணியை மேலே தூக்கிக்கொண்டுபோய் விடுகின்றன. துணி தன் கனத்தாலேயே கீழே வந்து விழுகிறது. தூக்குவதும் அடிப்பதும்தான் வேலை என்பதால் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். யோசித்துப் பார்த்தால், துறையில் கல்லின் மேல் துணியை ஓங்கி அடித்தவரின் கை செய்த வேலையை இங்கே புவியீர்ப்பு செய்கிறது.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்ற எல்லாமே வருகின்றன. ஃப்ரண்ட் லோடுக்குத் தண்ணீர் குறைவு, ஆனால் ஒரு சலவை முடிய ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட ஆகும். டாப் லோட் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஃப்ரண்ட் லோட் நிமிடத்துக்கு 1,200, 1,400 தடவை சுற்றிப் பிழிந்துவிடுகிறது. டாப் லோட் சாதாரணமாக 700, 800 சுற்று. அதனால் அதிலிருந்து எடுக்கும் துணி ஈரமாக, கனமாக இருக்கும். ஃப்ரண்ட் லோடின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் தண்ணீர் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், வளையத்தைத் துடைத்துவைக்க வேண்டும். டாப் லோடில் அந்தத் தொல்லை குறைவு.

கடைசியாக, குனிவது. டாப் லோட் என்றால் நின்றபடி துணி போடலாம், எடுக்கலாம். ஃப்ரண்ட் லோட் என்றால் குனிய வேண்டும், சில சமயம் மண்டியிட வேண்டும். 'வயதானவர்களுக்கு டாப் லோடே நல்லது' என்ற அறிவுரை இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் உடம்பின் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. நாங்கள் இருப்பது பதினோராவது மாடியில், பழைய வீவக புளோக்கில். அடுப்படிச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகும் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. நான்கு ஈரப் புடவைகளைக் கோத்த கழியைச் சன்னலுக்கு வெளியே தூக்கி நீட்டிக் குழாயில் செருகுவது, மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களின் தோளுக்குச் சுலபமான காரியமில்லை. துணியில் தங்கும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் அந்தக் கழியில்தான் தொங்குகிறது. ஆக, ஒரு எந்திரம் முதுகைக் கேட்கிறது, மற்றொன்று தோளைக் கேட்கிறது. எதைக் கொடுப்பது சுலபம் என்பது அந்த உடம்புக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும்.

*

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைச் சொன்னவர் என் கணவர். "முதுகு, தோள் எல்லாம் சரி. தண்ணி நம்ம சொத்தா? நாம எப்படி வேணும்னாலும் செலவு பண்றதுக்கு?"

சிங்கப்பூரில் இது வெறும் பேச்சில்லை. 1963இல் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 1964 வரை நீடித்ததை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜோகூரிலிருந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீராக்குவது, கடல்நீரைக் குடிநீராக்குவது, மழைநீரை அணைகட்டித் தேக்குவது எல்லாமே அந்த ஆண்டை மனத்தில் வைத்துத்தான். கடையிலுள்ள ஒவ்வொரு சலவை எந்திரத்திலும் எத்தனை 'டிக்' என்று ஒட்டியிருப்பதும் அதே அக்கறையால்தான். டிக் கூடக் கூட, ஒரு கிலோ துணிக்குச் செலவாகும் தண்ணீர் குறைவு.

சரி, காசுக் கணக்கையும் பார்ப்போம். ஒரு சலவைக்கு 50 லிட்டர் வித்தியாசம், வாரத்துக்கு நான்கு சலவை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 10,400 லிட்டர். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 3.24 வெள்ளி, பொருள் சேவை வரி சேர்க்காமல். வருடத்துக்கு மிஞ்சிப்போனால் 34 வெள்ளி. தேக்காவில் ஒருநாள் குடும்பத்தோடு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் அதற்கு மேல் ஆகும்.

காசு அற்பம் என்பதால் தண்ணீரும் அற்பம் என்று நான் சொல்லவில்லை. எல்லா வீட்டாரும் இப்படி நினைத்தால் ஏரி வற்றும். அந்தக் கடமை உண்மையானது. கேள்வி, அந்தக் கடமையை யார் உடம்பால் அடைப்பது என்பதுதான். 'நாம் தண்ணீரைச் சேமிக்கிறோம்' என்று நான் பெருமையாகச் சொல்லும் வாக்கியத்தில், 'நாம்' என்ற எழுவாய்க்குள் தினமும் மண்டியிடுபவர் ஒருவர் ஒளிந்திருக்கிறார். சேமிப்பின் புண்ணியம் எனக்கு, மூட்டுவலி அவருக்கு. நல்ல கொள்கைகளின் விலையை அந்தக் கொள்கையைப் பேசாத ஒருவர் கட்டிக்கொண்டிருப்பது வீட்டில் மட்டும் நடக்கும் விஷயமில்லைதான். ஆனால் வீட்டில்தான் அது கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நடக்கிறது.

தண்ணீர்க் கடனை அடைக்க வேறு வழியும் இருக்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூலில் ஒரு விஷயத்தைக் காட்டினார். வீட்டு எந்திரங்கள் வந்ததால் குடும்பத்தலைவியின் வேலை நாம் நினைக்கிற அளவுக்குக் குறையவில்லை. எந்திரம் ஒரு சலவையைச் சுலபமாக்கியது. உடனே சலவைகளின் எண்ணிக்கை கூடியது. சுத்தம் என்பதன் அளவுகோலே உயர்ந்துவிட்டது. எங்கள் வீட்டைப் பாருங்களேன். ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிய சட்டை, ஒருதரம் துடைத்த துண்டு, எல்லாம் கூடைக்குள் போகிறது. என் பாட்டி ஊரில் வாரம் ஒருமுறை வெளுத்த துணிகளை இங்கே நாங்கள் நாள்தோறும் வெளுக்கிறோம். வாரத்துக்கு நான்கு சலவையை மூன்றாக்கினால், டாப் லோடால் கூடும் தண்ணீரில் பாதிக்கு மேல் அங்கேயே திரும்பிவிடும். அந்தக் கடனை அடைக்க வேண்டியது கூடையை நிரப்புகிறவர்கள். கூடையைத் தூக்குகிறவர் இல்லை.

*

அப்படியானால் அவரையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டோம். "எதுன்னாலும் எனக்குச் சரிதான்க்கா" என்றார்.

இதை நான் எதிர்பார்த்தேன். இந்த வேலையில் அதைவிடப் பாதுகாப்பான பதில் கிடையாது. சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். வேலை அனுமதி அட்டை ஒரு குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை போனால் தூங்கும் இடமும் போகும், ஊருக்கு அனுப்பும் பணமும் நிற்கும். அந்த நிலையில் உள்ளவரிடம் 'உங்களுக்கு எது வேணும்?' என்று கேட்பது, கேட்பவருக்குத்தான் சுதந்திரமான கேள்வி. விலை கூடியதைச் சொன்னால் என்ன நினைப்பார்களோ, மாமியார் சொன்னதற்கு மாறாகப் பேசலாமா என்று பதில் சொல்பவர் ஒரு நொடியில் நூறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அமர்த்தியா சென் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது இதைக் கவனிக்கிறார். வீட்டுக்குள் ஒத்துழைப்பும் முரணும் ஒன்றாகவே இருக்கின்றன. நெடுநாள் குறைவாகக் கிடைத்தே பழகியவர், தனக்கு வேண்டியது இன்னது என்ற எண்ணத்தையே சுருக்கிக்கொண்டுவிடக்கூடும். ஆகவே 'அவரே சரின்னுட்டாரே' என்பது முடிவான சான்று ஆகாது. அதற்காக 'அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்' என்று நானே முடிவெடுப்பதும் ஆபத்து. அது பழைய பண்ணையார்களின் கருணை. கேட்டாலும் பதில் வராது, கேட்காவிட்டாலும் அநியாயம் என்ற இந்த இடுக்கில்தான் எனக்குத் தமிழில் உள்ள ஒரு சொல் ஞாபகம் வந்தது: குறிப்பறிதல்.

திருக்குறளில் இந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. காமத்துப்பாலில் அது காதலர்கள் ஒருவர் பார்வையை ஒருவர் படிப்பது. பொருட்பாலில் அது அமைச்சியலில், 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' என்ற அதிகாரத்துக்கு அடுத்து வருகிறது. அரசன் வாய்திறந்து சொல்லுமுன்பே அவன் முகத்தைப் பார்த்து மனத்தைப் படித்துவிடும் திறமை. இந்த வரிசை யோசிக்க வைக்கிறது. அதிகாரம் உள்ள இடத்தில், கீழே இருப்பவர்தான் மேலே இருப்பவரின் குறிப்பை அறிய வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவருக்கு அந்தத் தேவையே இல்லை; அவர் வாயால் சொன்னாலே நடந்துவிடுகிறது. வீட்டு வேலை செய்பவர்கள் இதில் மேதைகள். காலையில் நான் காப்பிக் குவளையை வைக்கும் சத்தத்திலிருந்தே அன்றைய என் மனநிலையை அவர் கண்டுபிடித்துவிடுவார். அவர் மனநிலையை நான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் எனக்கு இல்லை.

*

தேக்காவிலிருந்து ஊதா வழித்தட ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் டோபி காட். பெயரே சொல்லிவிடுகிறது, வண்ணார் துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துவைத்துப் பக்கத்துத் திடலில் காயப்போட்டார்கள். அந்த ஓடைதான் இன்றைய ஸ்டாம்ஃபர்ட் கால்வாய். நிலத்தடியில் மூன்று ரயில் வழித்தடங்கள் சந்திக்கும் அந்த இடத்தில் தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் வண்டி மாறுகிறார்கள். துவைத்தவர்கள் போய்விட்டார்கள், துவைத்த இடத்தின் பெயர் மட்டும் நிற்கிறது.

அவர்கள் விட்டுவந்த ஊரில் துவைப்பது வெறும் தொழிலாக மட்டும் இருக்கவில்லை, பிறப்பாக இருந்தது. அதை நாவலில் படிக்க வேண்டுமானால் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இருக்கிறது. காலனிக்குத் துவைக்கும் ஆரோக்கியத்தின் கதை. தாழ்த்தப்பட்டவர்களுக்குள்ளும் இன்னும் கீழே நிறுத்தப்பட்ட ஒரு குடும்பம், ஊரின் குறிப்பறிந்தே வாழ்ந்து தேய்வதைப் படிக்கலாம்.

சைவத்தில் இந்தச் சொல்லைப் பெயரிலேயே சுமக்கும் அடியார் ஒருவர் உண்டு. காஞ்சிபுரத்து ஏகாலியர், திருக்குறிப்புத் தொண்டர். சிவனடியார்களின் குறிப்பறிந்து அவர்கள் துணியை வெளுத்துக் கொடுப்பவர். பெரியபுராணக் கதை பலருக்கும் தெரியும். குளிர்காலத்தில் மெலிந்த அடியவராய்ச் சிவன் அழுக்குக் கந்தையோடு வருகிறார். தொண்டர் வெளுத்துத் தரக் கேட்கிறார். சூரியன் மறைவதற்குள் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. துவைத்தாயிற்று, காயப்போட வேண்டும், மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. பொழுது சாய்ந்தது. சொன்ன சொல் தவறியதே என்று துணி அடிக்கும் கல்லிலேயே தொண்டர் தலையை மோதிக்கொள்கிறார். கல்லிலிருந்து இறைவன் கை எழுந்து தடுக்கிறது.

பக்திக் கதையாக இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது படிக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. மழை பெய்தது யார் குற்றமும் இல்லை. ஆனால் அதற்காகக் கல்லில் மோத வேண்டியிருந்தது துவைத்தவருடைய தலை. குறிப்பறிந்தவர் அவர், பொறுப்பும் அவருடையது, தண்டனையும் அவருடையது. இந்தக் கதையில் எனக்கு இன்று முக்கியமாகப் படுவது கடைசிக் கணம். அங்கே திசை மாறுகிறது. தொண்டர் எதையும் கேட்கவில்லை, வேண்டவில்லை. துணி கொடுத்தவர்தான், துவைத்தவரின் குறிப்பை அறிந்து கை நீட்டுகிறார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் குறிப்பை அறிந்தவருடைய குறிப்பை, ஒரே ஒருமுறை, மேலே இருப்பவர் அறிகிறார். தெய்வத்தன்மை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்வேன். ஆனால் தலை கல்லுக்கு அருகில் வரும்வரை அந்தக் கை காத்திருந்தது என்பதும் உறுத்துகிறது.

*

அடுத்த வாரம் அவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். வாயால் எதையும் கேட்கவில்லை. எந்திரங்களைத் திறந்து பார்க்கச் சொன்னோம், அவ்வளவுதான். டாப் லோடின் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார். அவர் ஐந்தடிக்கும் குறைவு. குதிகால் எழும்பியும் விரல் அடியைத் தொடவில்லை. 'குனிய வேண்டியதில்லை' என்ற அறிவுரையை எழுதியவர்கள் உயரமானவர்களாக இருக்க வேண்டும். அடியில் ஒட்டிக்கொள்ளும் காலுறைக்காக அவர் தினமும் முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கும். ஃப்ரண்ட் லோடின் முன்னால் மண்டியிட்டார். எழும்போது கை தன்னாலே கதவைப் பிடித்தது. "ரெண்டுமே நல்லாதான் இருக்குக்கா" என்றார். பதில் அந்த இரண்டு கைகளில் இருந்தது.

ஃப்ரண்ட் லோடை வாங்கி, அதற்கென்றே விற்கும் உயரமான ஸ்டாண்டின் மேல் வைத்தோம். கதவு இப்போது அவர் இடுப்புக்கு நேராக இருக்கிறது. தண்ணீரும் மிச்சம், கழியில் தொங்கும் கனமும் குறைவு. ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு. என் கணவருக்கு அது கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. இருக்கட்டும்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று இதை நிறுத்திவிட முடியாது. இரண்டு மணி நேரச் சலவை யாருடைய இரண்டு மணி நேரம் என்பது அப்படியேதான் இருக்கிறது. இரவு ஒன்பதுக்குப் போட்டால் பதினொன்றுக்கு எடுத்து உலர்த்த வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுபவருக்கு அது தூக்கத்திலிருந்து வெட்டிய துண்டு. எனவே இரவில் எந்திரம் ஓடாது என்று ஒரு விதி. ஞாயிற்றுக்கிழமை அவர் விடுப்பு. அன்று துவைப்பதும் காயப்போடுவதும் மழை வந்தால் ஓடுவதும் நாங்கள். 'கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுட்டுப் போறேன்க்கா' என்பதை ஏற்றுக்கொள்வதில்லை.

குறிப்பறிதலுக்கு ஓர் எல்லை உண்டு. அது அறிபவரின் நல்ல குணத்தை நம்பி நிற்கிறது. நான் கவனித்தால் அவருக்கு ஸ்டாண்ட் கிடைக்கும், கவனிக்காவிட்டால் கிடைக்காது. 2012இல் சன்னல் துடைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் மாடியிலிருந்து விழுந்து பணிப்பெண்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான், சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்வதானால் கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், வீட்டார் கூடவே நிற்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்தது. 2013 தொடக்கத்திலிருந்து புதிய, புதுப்பிக்கப்பட்ட வேலை அனுமதிகளுக்கு வார விடுப்பு சட்டமானது. பணம் கொடுத்து அதை ஈடுகட்டிவிடும் பழக்கம் பரவலாக இருந்ததால், மாதம் ஒரு நாளையாவது அப்படி வாங்கிக்கொள்ள முடியாது என்ற விதி 2023 ஜனவரியில் வந்தது. அந்த ஒரு நாள் எந்த முதலாளியின் நல்ல குணத்தையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. மற்ற மூன்று ஞாயிறுகளும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் நிற்கின்றன.

சட்டம் ஒருநாளும் துணி எடுக்கும் கையின் நீளத்தை அளக்கப்போவதில்லை. அதை வீட்டிலுள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் நாங்கள் பார்க்கிறோமா இல்லையா என்பதை நம்பி அவருடைய ஓய்வு இருக்கக் கூடாது. சலவை எந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எத்தனை டிக் என்று பாருங்கள், விலை பாருங்கள். அதற்கும் முன்னால், துவைப்பவரைக் கூட்டிக்கொண்டு போய் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைத் துணியை நீங்களே போடுங்கள்.